ரொறொன்ரோவில் ஒரு வெள்ளைச் செவ்வந்தி மாலை

1996 ஒக்ரோபர் 11, வெள்ளிக்கிழமை

பிராங்பேர்ட்டில் ஏறிய விமானம் பிற்பகல் மூன்றரை மணிக்கு ரொறொன்ரோவில் இறங்கியது. டிக்கெட் 1,150 மார்க். அந்தக் காசுக்குத் தந்த சாப்பாட்டைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை அதிலேயே முடிந்துவிடும். குடிவரவு மேசையில் இருந்தவர் எத்தனை நாள் நிற்பாய், யாரிடம் நிற்பாய், திரும்பிப் போவாயா என்று கேட்டார். பத்து நாள், தங்கச்சியிடம், போவேன் என்றேன். பிறகு அதையே மாற்றி மாற்றிக் கேட்டார். நான் ஜேர்மனியில் ஒரு கடதாசி ஆலையில் வேலை செய்கிறவன். வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது. இங்கே வந்து ஒளிந்திருக்க எனக்கு என்ன தேவை?

வெளியே குகன் நின்றார். குகன் என் தங்கச்சி கௌரியின் கணவர். பீட்ஸா கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. அதோடு தங்கள் ஊர்ச்சங்கத்தின் செயலாளர். இரண்டாவது வேலைக்குச் சம்பளம் இல்லை. ஆனால் யாரிடமும் அதைத்தான் முதலில் சொல்லுவார்.

விமான நிலையத்திலிருந்து அவர்கள் இருக்கிற மில்லிக்கன் நாற்பது கிலோமீற்றர்கூட இல்லை. 401 நெடுஞ்சாலையில் அதற்கு ஒன்றேமுக்கால் மணித்தியாலம் பிடித்தது. திங்கட்கிழமை விடுமுறை என்பதால் ஊர் முழுவதும் றோட்டில் நின்றது. குகன் வாய் ஓயவில்லை. "மச்சான், இஞ்சை எல்லாம் பெரிசு. றோட்டுப் பெரிசு, வீடு பெரிசு, கடை பெரிசு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் இருக்கிற இடம் மட்டும் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறைகள். பேஸ்மென்ற் என்கிறார்கள். மாதம் 650 டொலர். குசினிக்கும் படுக்கைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை. ஜன்னல் தலைக்கு மேலே, தரை மட்டத்தில் இருக்கிறது. அதனூடாகப் போகிற வருகிறவர்களின் கால்கள் தெரியும்.

மேலே வீட்டுக்காரி மிசிஸ் லியூங் இருக்கிறார். ஹொங்கொங்கிலிருந்து வந்தவர். கணவர் இன்னும் அங்கேதான் வியாபாரம் செய்கிறார். வயதான தகப்பன் கூட இருக்கிறார். நான் போன நேரம் அவர் இருதய அறுவைச் சிகிச்சை செய்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

கௌரி பக்கக் கதவைத் திறந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். முன்வாசல் நல்ல அகலமாக இருந்தது. "ஏன் அதாலை போறேல்லை?" என்று கேட்டேன்.

"அது மேல் வீட்டுக்காரருக்கு, அண்ணை. எங்களுக்கு இதுதான்."

"எழுதியிருக்கோ?"

"எழுத வேணுமோ?"

அவள் ஒரு கோட்டுத் தைக்கிற ஆலையில் வேலை செய்கிறாள். மூன்று வருடத்தில் இது நாலாவது வீடு. முதல் வீடு விற்றுப்போனது, இரண்டாவதில் தண்ணீர் வந்தது, மூன்றாவதில் குகன் வீட்டுக்காரனோடு சண்டை பிடித்தார். மகள் துஷிக்கு எட்டு வயது. வீடு மாறும்போதெல்லாம் பள்ளிக்கூடமும் மாறி, அந்தப் பிள்ளை வகுப்பில் வாய் திறப்பதையே விட்டிருந்ததாம். இந்த வருடம்தான் ஒரு சினேகிதி கிடைத்திருக்கிறாள். "இனி என்னாலை பெட்டி கட்டேலாது அண்ணை. இவள் பள்ளிக்கூடம் முடிக்குமட்டும் இஞ்சைதான்" என்றாள் கௌரி.

ஒக்ரோபர் 12, சனிக்கிழமை

காலையில் நடந்து பார்த்தேன். ஒரே மாதிரிச் செங்கல் வீடுகள். எல்லாருடைய வாசலிலும் பூசணிக்காயும் செவ்வந்திச் சட்டியும். மஞ்சள், செங்கல் நிறம், ஊதா. வெள்ளைக்காரர் வீட்டிலும் சீனர் வீட்டிலும் எங்கள் ஆட்கள் வீட்டிலும் செவ்வந்தி. இந்த ஊரில் குளிர் வருவதற்கு முன் கடைசியாகப் பூக்கிற பூ இதுதானாம். கடையில் ஒரு சட்டி நாலு டொலர் தொண்ணூற்றொன்பது சதம்.

மாலையில் குகனின் சங்கத்துக்கு ஆண்டு விழா. ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். ஐந்து மணி என்று போட்டு ஏழு மணிக்குத் தொடங்கினார்கள். மேடையில் இருந்த எல்லாருக்கும் மாலை. மாலை போட்டவருக்கும் ஒரு மாலை. பிரதம விருந்தினராக ஒரு பிரமுகரை அழைத்திருந்தார்கள். அவருக்கென்று தனியாக, கைத்தடிப்பில், முழுக்க வெள்ளைச் செவ்வந்தியில் ஒரு மாலை கட்டுவித்திருந்தார்கள். பிரமுகர் வரவில்லை. மாலை வந்திருந்தது.

அதைக் குகன் வீட்டுக்குக் கொண்டுவந்து பிரிட்ஜுக்குள் வைத்தார்.

"என்னத்துக்கு உது? மரக்கறி வைக்க இடமில்லை" என்றாள் கௌரி.

"கிடக்கட்டும். இருபத்தைஞ்சு டொலர்."

"ஆருக்குப் போடப்போறியள்?"

"ஆராவது வருவினம்."

ஒக்ரோபர் 13, ஞாயிற்றுக்கிழமை

நயாகரா. 130 கிலோமீற்றர். தண்ணீர் விழுவதைப் பார்க்கக் காசு இல்லை. காரை நிறுத்தத்தான் பத்து டொலர். தண்ணீர் அதுபாட்டுக்கு விழுகிறது, இவர்கள் அதற்குப் பக்கத்தில் நிலத்தை வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கிறார்கள். ஆனால் அழகு. அதை மறுக்க மாட்டேன். என்னுடைய கமராவில் பதினாறு படம் எடுத்தேன். கௌரியும் துஷியும் மழைக்கோட்டோடு சிரித்துக்கொண்டு நின்ற படமும் அதில் ஒன்று.

ஒக்ரோபர் 15, செவ்வாய்க்கிழமை

மேல் வீட்டுக் கிழவர் பிற்பகல் ஆஸ்பத்திரியால் வருகிறார் என்று குகனுக்குத் தெரிந்திருந்தது. கௌரி வேலையில். துஷி பள்ளிக்கூடத்தில். குகன் பிரிட்ஜைத் திறந்தார்.

"மச்சான், மனுசன் சாவிலையிருந்து தப்பி வாறார். நாங்கள் ஒரு மாலை போட்டு வரவேற்றால் மனுசி குளிர்ந்துபோவா. பிறகு என்ரை வானை வீட்டு வாசல் டிரைவ்வேயிலை விடலாமோ எண்டு கேக்கலாம். தெருவிலை விட்டால் பொலிஸ் டிக்கெட் எழுதுறாங்கள்."

எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. வீட்டுக்கு வருகிறவருக்கு மாலை போடுகிறோம். எங்கள் ஆட்கள் போடாத மாலையா? நான் கமராவை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

கார் வந்து நின்றது. மிசிஸ் லியூங் இறங்கி மறுபக்கக் கதவைத் திறந்தார். கிழவர் மெல்ல ஒரு காலை வெளியே வைத்தார், பிறகு மற்றக் காலை. மெலிந்த மனிதர். தொப்பியும் சால்வையும். அவர் நிமிர்ந்து நின்றதுதான் தாமதம், குகன் பாய்ந்து போய், "வெல்கம் ஹோம், சேர்!" என்று கழுத்தில் மாலையைப் போட்டு, இரண்டு கையையும் கூப்பினார். நான் படம் எடுத்தேன்.

கிழவர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். வெள்ளைப் பூவைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்க்கவில்லை.

மிசிஸ் லியூங் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மாலையைப் பிடித்து இழுத்தார். நூல் அறுந்து பூ எல்லாம் டிரைவ்வேயில் கொட்டியது. தகப்பனின் சால்வையில் ஒட்டிக்கொண்டிருந்த இதழ்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். என் கையில் இருந்த கமராவைப் பார்த்தார். பிறகு தகப்பனைக் கட்டிப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

"மனுசி உணர்ச்சிவசப்பட்டிட்டா" என்றார் குகன்.

ஆறு மணிக்குப் பக்கக் கதவில் தட்டினார்கள். கௌரி அப்போதுதான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மிசிஸ் லியூங் உள்ளே வரவில்லை. இந்த மாத முடிவோடு வீட்டை விடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். சத்தம் போடவில்லை. கௌரி ஏனென்று கேட்டதற்கு, "உன் கணவரைக் கேள். என் தகப்பன் இன்னும் சாகவில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கௌரி ஒரு சப்பாத்தோடு அப்படியே நின்றாள்.

ஒக்ரோபர் 16, புதன்கிழமை

நாள் முழுவதும் குகன் ரெலிபோனில். சங்கத்து ஆட்கள் எல்லாரையும் கேட்டார். எல்லாருக்கும் சீனரைப் பற்றித் தெரிந்திருந்தது. வாடகையைக் கூட்டி இன்னொருவருக்குக் கொடுக்கத்தான் இந்த நாடகம் என்றார் ஒருவர். அவர்களுக்கு எங்களைப் பிடிக்காது, அவ்வளவுதான் என்றார் இன்னொருவர். அவர்களுக்கு நாலாம் நம்பர் ஆகாது, உங்கள் வீட்டு இலக்கத்தில் நாலு இருக்கிறதா பாருங்கள் என்றார் மற்றொருவர். ஒரு சீனரோடு உட்கார்ந்து ஒரு தேத்தண்ணீர் குடித்தவர் ஒருவரும் அதில் இல்லை. அத்தனை பேரும் சீனரோடு ஒரே தெருவில் இருக்கிறார்கள், ஒரே ஆலையில் வேலை செய்கிறார்கள், ஒரே கடையில் மீன் வாங்குகிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரெலிபோன் வயரைப் பிடுங்கியிருப்பேன்.

"பூ எண்டால் பூ. உதிலை என்ன சாவு?" என்றார் குகன். "சட்டப்படி உப்பிடி எழுப்பேலாது. நான் விடமாட்டன்."

"சட்டத்தோடை ஒரு வீட்டிலை இருக்கேலாது" என்றாள் கௌரி. "தலைக்கு மேலை நடக்கிறவ அவதான். உங்கடை சட்டம் இல்லை."

"போனால் போகட்டும். வெக்ஸ்போர்ட்டிலை எத்தினை அப்பாட்மென்ற் கிடக்கு!"

"கிடக்கும். உங்கை ஒரு எட்டு வயசுப் பிள்ளை கிடக்கு, கண்ணுக்குத் தெரியுதோ?"

துஷி திரைச்சீலைக்குப் பின்னால் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். "அம்மா, ஆர் வீ மூவிங் அகெய்ன்?" என்று கேட்டாள்.

ஒக்ரோபர் 17, வியாழக்கிழமை

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. காலை பத்து மணிக்கு நடந்து, ஸ்ரீல்ஸ் வீதிப் பக்கம் இருக்கிற சீனப் பிளாசாவுக்குப் போனேன். இருபத்தைந்து நிமிட நடை.

முதலில் பல்பொருள் கடை. தேயிலை வைத்திருக்கிற வரிசையில் ஒரு தட்டு முழுக்கச் செவ்வந்தி. காய்ந்த பூ, பைக்கற்றில், தகரத்தில், சீனி போட்டுக் குடிக்கிற மாதிரிப் பெட்டியில். ஒரு பைக்கற் ஒரு டொலர் எழுபத்தொன்பது சதம். வெள்ளைச் செவ்வந்தி! எனக்கு உச்சந்தலை சுட்டது. குடிக்கலாமாம், கழுத்தில் போடக்கூடாதாம். காசு கொடுக்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு படம் தொங்கியது. அதிலும் செவ்வந்தி, ஒரு பாறைக்குப் பக்கத்தில். அடுத்த கடை பூக்கடை. வாசலில் வாளி வாளியாக வெள்ளையும் மஞ்சளும் செவ்வந்தி.

பூக்கடைப் பெண்ணிடம் என் உடைந்த ஆங்கிலத்தில் சண்டைக்குப் போகிற மாதிரியே கேட்டேன். இந்தப் பூ நல்லதா கெட்டதா?

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். நல்ல பூ என்றாள். உறைபனியிலும் பூக்கும், ஆகவே நேர்மையான ஆளுக்குச் சொல்லுவார்கள். நீண்ட ஆயுளுக்கும் சொல்லுவார்கள். படத்தில் கீறினால் ஆயுள். குடித்தால் கண்ணுக்கு நல்லது, சூடு தணியும். சட்டியில் வாசலில் வைத்தால் இலையுதிர் காலம். வெள்ளையாக, வெட்டி, கொத்தாக வாங்கினால் இறந்தவருக்கு. "ஞாயிற்றுக்கிழமை கல்லறைக்குப் போகிற நாள். அதற்குத்தான் இவ்வளவும்" என்று வாளிகளைக் காட்டினாள்.

"வயதான ஒருவர் ஆஸ்பத்திரியால் வந்தால்?"

"வேண்டாம்!" என்றாள். கையையும் ஆட்டினாள்.

ஒரே பூ. ஆயுளும் அதுதான், சாவும் அதுதான். இதை எந்த மனிதன் கண்டுபிடிப்பான்? ஏதோ பெரிய நியாயம் கிடைத்துவிட்ட மாதிரி, வந்த வழியே விறுவிறு என்று நடந்தேன். மிசிஸ் லியூங்கின் முன்வாசலுக்கே போய் மணியை அடித்தேன்.

கதவைத் திறந்தவர் போகச் சொல்லவில்லை. உள்ளே விட்டார். அதுவே பெரிய காரியம் என்று இப்போது விளங்குகிறது. கிழவர் ஜன்னலோரம் ஒரு கதிரையில் இருந்தார். நான் நின்றுகொண்டே தொடங்கினேன். எங்கள் நாட்டில் இந்தப் பூவைக் கடவுளுக்கு வைப்போம். மந்திரிக்குப் போடுவோம். மாப்பிள்ளைக்குப் போடுவோம். செத்தவருக்கும் போடுவோம். எல்லாருக்கும் ஒரே மாலைதான். நாங்கள் மரியாதைதான் செய்தோம்.

மிசிஸ் லியூங் கேட்டார்: "அப்படியென்றால் மாலை விழுகிற ஆளுக்குத் தான் இதில் எது என்று எப்படித் தெரியும்?"

பதில் வராதபோது நான் குரலை உயர்த்துவேன். உயர்த்தினேன். நீங்கள் கடையில் வாங்கிக் குடிக்கிறீர்கள், படமாகத் தொங்கவிடுகிறீர்கள், நாங்கள் போட்டால் மட்டும் குற்றமா என்று கத்தினேன். கத்திக்கொண்டே திரும்பியபோதுதான் மூலையில் இருந்த தட்டைப் பார்த்தேன். சட்டம் போட்ட ஒரு அம்மாவின் படம். அதற்கு முன்னால் ஒரு சாடியில் வெள்ளைச் செவ்வந்தி.

"என் அம்மா" என்றார் மிசிஸ் லியூங். "போன வருடக் குளிரில் இறந்தவர். ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போகிறோம், இதே பூவோடு. என் தகப்பன் காரால் இறங்கியதும் தன் மனைவியின் பூவைத் தன் கழுத்தில் கண்டார். அன்றைக்கு இரவு சாப்பிடவில்லை. நீ படமும் எடுத்தாய். இந்தப் பூவோடு வைக்கிற படம் எந்தப் படம் என்று பார்த்தாய்தானே? அந்தப் பிலிமைத் தா."

பிலிமில் என் நயாகரா இருந்தது. தங்கச்சி சிரிக்கிற படம் இருந்தது. தரமாட்டேன் என்றேன்.

"சரி" என்றார் அவர். "மாத முடிவு வேண்டாம். அடுத்த வெள்ளிக்கிழமை போங்கள்."

கிழவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. என் சத்தம் மட்டும் விளங்கியிருக்கும்.

மாலையில் கௌரியிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அண்ணை, நீங்கள் பாக்க வந்தனீங்களோ, எங்களை றோட்டிலை விட வந்தனீங்களோ? உங்கடை மச்சான் மாலை போட்டு இரண்டு கிழமைத் தவணை எடுத்துத் தந்தவர். நீங்கள் அதிலையும் ஒரு கிழமையைக் குறைச்சுப்போட்டு வந்து நிக்கிறியள்."

"நான் நியாயத்தைக் கேட்டனான்."

"நியாயத்தைக் கேட்டனீங்கள். அந்தாள் எப்பிடி இருக்கிறார் எண்டு கேட்டனீங்களோ?"

கேட்கவில்லை. குகனும் கேட்கவில்லை. இரண்டு நாளாக நாங்கள் பேசியதெல்லாம் எங்கள் மரியாதையைப் பற்றி.

ஒக்ரோபர் 18, வெள்ளிக்கிழமை

கௌரியின் தையல் மேசையில் எட்டுப் பேர் இருக்கிறார்களாம், அதில் ஐந்து பேர் சீனப் பெண்கள். மதியச் சாப்பாட்டு நேரம் அவள் நடந்ததை அவர்களிடம் சொல்லி, இனி என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாளாம். முதலில் ஐந்து பேரும் வாயைப் பொத்தினார்களாம். பிறகு ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் மேசையில் தலையை வைத்துவிட்டாளாம். பிறகு ஐந்து பேரும் ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கினார்களாம்.

இரவுச் சாப்பாட்டின்போது கௌரி அதை எங்களுக்குச் சொன்னாள். வெள்ளையைச் சிவப்புத்தான் வெட்டும். சிவப்பு உடுத்துக்கொண்டு போக வேண்டும். தோடம்பழம் எட்டு, சிவப்புக் கடதாசியில் சுற்றி. நாலு கூடாது. இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். கிழவரின் நோய் வருத்தத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது.

"எட்டுத் தோடம்பழத்துக்கு வீடோ?" என்று குகன் சிரித்தார்.

"ஒரு மாலைக்குப் போன வீடுதானே" என்றாள் அவள்.

குகன் தானும் வருவதாகச் சொன்னார். செயலாளர் என்ற முறையில் இரண்டு வார்த்தை பேசலாமாம். கௌரி அவரைப் பார்த்த பார்வையில் அவர் சோற்றைப் பார்த்துக்கொண்டார்.

ஒக்ரோபர் 19, சனிக்கிழமை

காலையில் கௌரி தன் கலியாணக் கூறைச் சேலையை எடுத்து உடுத்தாள். அரக்குச் சிவப்பு. அந்தத் தாழ்ந்த கூரைக்குக் கீழே, சோற்றுப்பானைக்குப் பக்கத்தில், கூறையோடு நின்றாள். அதற்கு மேல் குளிர்க் கோட்டுப் போடவில்லை. போட்டால் சிவப்புத் தெரியாது. வெளியே நாலு பாகைதான்.

பிறகு என் கமராவைத் தூக்கினாள்.

"பிலிமைக் கழட்டித் தாங்கோ."

"அதிலை நயாகரா கிடக்கு. உன்ரை படம் கிடக்கு."

"நான் உயிரோடை நிக்கிறன். என்னைப் பாருங்கோ. நயாகரா எங்கையும் போகாது."

கழற்றிக் கொடுத்தேன். இந்தக் கட்டுரையோடு ஒரு படமும் இல்லாததற்குக் காரணம் அதுதான். வாசகர்கள் என்னை மன்னிக்க வேண்டியதில்லை.

அவள் முன்வாசலால் போனாள். எங்களுக்கு மேலே காலடிச் சத்தம் கேட்டது. ஒரு கதிரை இழுபட்டது. பிறகு ஒன்றும் இல்லை. குகன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கட்டிலில் இருந்தேன். இரண்டு ஆம்பிளைகள், தலைக்கு மேலே என்ன நடக்கிறது என்று தெரியாமல், பலகைக்குக் காது கொடுத்துக்கொண்டு இருந்தோம். வெட்கக்கேடு.

முக்கால் மணித்தியாலம் கழித்து வந்தாள். கையில் இரண்டு தோடம்பழம்.

"ரெண்டைத் திருப்பித் தந்தவ. முழுக்க எடுக்கிற வழக்கம் இல்லையாம். தேத்தண்ணீர் தந்தவ. அவவின்ரை அப்பாவுக்குக் கூறையை நல்லாப் பிடிச்சுக்கொண்டுது, தொட்டுப் பாத்தவர். பிலிமை அவ இழுத்து வெளிச்சத்திலை காட்டிப்போட்டுக் குப்பையிலை போட்டவ."

"வீடு?" என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கேட்டோம்.

"இருக்கலாமாம். இனி எது எண்டாலும் என்னோடை மட்டும்தான் கதைப்பாவாம். நீங்கள் ரெண்டு பேரும் மேலை வரக்கூடாதாம்."

குகனுக்கு முகம் கறுத்தது. "வாடகை குடுக்கிறவன் நான்! எனக்கு மேலை போகத் தடையோ? இது என்ன அநியாயம்?" எனக்கும் கோபம்தான். ஒரு வீட்டுக்குள் வரக்கூடாது என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. அந்தக் கோபம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு துஷி ஒரு தோடம்பழத்தை எடுத்து உரித்தாள். "ஸோ வீ ஆர் ஸ்ரேயிங்?" என்றாள்.

"ஓம்" என்றாள் தாய்.

துஷி சினேகிதிக்கு ரெலிபோன் எடுக்க ஓடினாள். நானும் குகனும் வாயை மூடிக்கொண்டோம்.

ஒக்ரோபர் 20, ஞாயிற்றுக்கிழமை

காலை ஒன்பது மணிக்கு டிரைவ்வேயில் சத்தம். மேல் வீட்டார் கல்லறைக்குப் புறப்படுகிறார்கள். நான் கதிரையில் ஏறி ஜன்னலால் பார்த்தேன். தெரிந்தது காரின் சில்லுகள். கிழவரின் கறுத்த சப்பாத்து, பக்கத்தில் ஊன்றுகோல். மிசிஸ் லியூங்கின் சப்பாத்து. அவர் கையில் தொங்கிய வெள்ளைப் பூக்களின் நுனி. குப்பை வைக்கப் போயிருந்த கௌரியின் பாட்டாச் செருப்பும் அங்கே வந்தது.

கிழவரை ஏற்ற இரண்டு கையும் வேண்டியிருந்திருக்கும். வெள்ளைப் பூ ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு, கௌரியின் செருப்புக்கு மேலே, வந்தது. கறுத்த சப்பாத்து இரண்டும் ஒவ்வொன்றாக மேலே போய் மறைந்தன. பாட்டாச் செருப்பு அசையவில்லை. அந்தப் பூ என்ன பூ என்று தெரிந்துகொண்டு, அதைப் பிடித்துக்கொண்டு, அவள் நின்றாள்.

"நான் போய் ஒரு கை குடுக்கட்டோ?" என்று குகன் கதவுக்குப் போனார். அவரின் சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினேன்.

ஒக்ரோபர் 21, திங்கட்கிழமை

விமானம் மாலை ஆறே காலுக்கு. இரண்டு மணிக்கே புறப்பட்டோம், 401-ஐ நம்ப முடியாது. கௌரி வேலையில் அரை நாள் லீவு எடுத்திருந்தாள்.

கனடா எப்படி என்று என் ஊரில் கேட்பார்கள். பெரிசு என்று சொல்லுவேன், குகன் சொன்னது சரிதான். ஒரே கூரைக்குக் கீழ் இரண்டு குடும்பம் ஒரு வருடம் இருந்து, ஒருவரையொருவர் தெரியாமல் இருக்கிற அளவுக்குப் பெரிசு. இதைக் கனடாவின் குற்றம் என்று எழுதத்தான் நினைத்திருந்தேன். எழுத முடியவில்லை. நான் இருக்கிற ஜேர்மன் பட்டணத்தில் இந்தக் கிழமை கல்லறை வாசல் முழுக்கச் செவ்வந்திச் சட்டி குவிந்திருக்கும். பத்து வருடம் அதைக் கடந்து வேலைக்குப் போய் வருகிறேன். ஏன் என்று ஒருவரையும் கேட்டதில்லை. அங்கே யாருக்கும் நான் மாலை போடாதது எந்தப் புத்தியாலும் இல்லை, மாலை கிடைக்காததால்தான். எனக்கு இந்தப் பயணத்தில் வந்த ஆத்திரம் எல்லாம் கடைசியில் போய் நிற்கிற இடம் இதுதான். எங்களுக்குப் பேச வரும், மேடை போட வரும், மாலை கட்ட வரும். வாய் திறந்து ஒரு கேள்வி கேட்க வராது. அதற்கு ஒரு பெண் வேலைத்தலத்தில் வெட்கப்பட்டு நிற்க வேண்டியிருக்கிறது. குளிரில் கூறை உடுத்துப் படியேற வேண்டியிருக்கிறது.

பெட்டியைக் குகனின் வானில் ஏற்றினேன். நிமிர்ந்து பார்த்தால் மேல் ஜன்னலில் கிழவர். கையில் ஒரு கோப்பை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கும்பிடுங்கோ மச்சான்" என்றார் குகன்.

இரண்டு கையையும் நெஞ்சுவரை கொண்டுவந்தேன். அங்கேயே நிறுத்தினேன். இந்தக் கும்பிடு அவருக்கு என்னவோ? அந்தத் தட்டில் இருக்கிற படத்துக்குத்தான் அவர்கள் கும்பிடுவார்களோ? கையை இறக்கினேன். ஒரு கையை ஆட்டலாமா, தலையை மட்டும் குனியலாமா, அதுவும் தெரியவில்லை.

"கௌரி, அவருக்கு எப்பிடிப் போயிட்டு வாறன் எண்டு சொல்லுறது?"

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "பொறுங்கோ, கேட்டுக்கொண்டு வாறன்" என்று முன்வாசல் படியில் ஏறி மணியை அடித்தாள். மிசிஸ் லியூங் கதவைத் திறந்தார். இருவரும் தலையைச் சாய்த்துப் பேசினார்கள். மிசிஸ் லியூங் உள்ளே திரும்பித் தகப்பனிடம் ஏதோ கேட்டார். கிழவர் என் மேலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் வானுக்குப் பக்கத்தில், மேலே வரக்கூடாத இடத்தில், நின்றோம்.

கௌரி இறங்கி வந்தாள்.

"என்னவாம்?" என்றேன்.

"ஒண்டும் செய்ய வேண்டாமாம். சத்தம் போடாமல் போகட்டாம்."

போனேன்.